வேலை கிடைத்த பேய்கள்

கொல்லிமலையின் மேற்குச் சரிவில் ஒரு பெண்ணுருவம் நிற்கிறது. நெருங்கி வருபவனைப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் மயங்கிப் பக்கத்தில் போனவன் உயிரோடு திரும்புவதில்லை. அவள் பெயர் கொல்லிப்பாவை. மலையில் தவம் செய்தவர்களை அசுரர்களிடமிருந்து காப்பதற்காகத் தெய்வத் தச்சன் செய்து நிறுத்திய பொறி என்று பிற்கால உரைகளும் வாய்மொழிக் கதைகளும் சொல்கின்றன. அரக்கரைக் கொல்ல இன்னொரு கொல்லும் உருவம். அதற்குக் கொடுத்த ஆயுதம் சிரிப்பு. உலக அரக்கர் கதைகளில் இப்படியொரு காவல்காரி அபூர்வம்.

சங்கப் பாடல்களுக்குப் போனால் இவள் வேறு முகத்தோடு நிற்கிறாள். குறுந்தொகையில் கபிலரும் பரணரும், நற்றிணையிலும் அகநானூற்றிலும் இன்னும் சிலரும் கொல்லிப்பாவையைக் குறிப்பிடுகிறார்கள். அங்கே முன்னிற்பது கொலை அல்ல, அழகு. தலைவியின் வடிவுக்கு உவமையாக வருகிறாள். காற்றடித்தாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் உருக்குலையாதவள் என்பது பரணர் தரும் செய்தி. செய்தவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை: ஒரு பாட்டு தெய்வம் என்கிறது, இன்னொன்று பூதம் என்கிறது. ஆனால் கொல்லி அச்சம் மிகுந்த மலை என்ற நினைப்பு பரணரிடமே இருக்கிறது. அழகும் அச்சமும் அன்றைக்கே பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பிற்காலம் இரண்டையும் ஒரே உடம்புக்குள் வைத்துத் தைத்துவிட்டது.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் மலை இது. வல்வில் ஓரி ஆண்டான். மலையமான் காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று கல்லாடனார் பாட்டு சொல்கிறது. அதே பாட்டிலும் பாவை வருகிறாள். அரசர் மாறினாலும் அவள் மாறவில்லை. ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று பதினான்கு நாடுகளாகப் பிரிந்து வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மலையில் இன்று எட்டுக்கை அம்மன் என்ற பெயரில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. கொல்ல வைத்த பொறி, கும்பிடும் அம்மனாக உயர்ந்திருக்கிறது. அரக்கியைத் துரத்தாமல், அடக்காமல், ஒரு பொறுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பேய்க் கதைகளின் பெரும்பகுதியை இந்த ஒரு வழக்கத்தைக் கொண்டே படித்துவிடலாம்.

ஜப்பானிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே அரக்கருக்குப் பொதுப்பெயர் ஓனி. சிவப்பு அல்லது நீல உடம்பு, தலையில் கொம்பு, இடுப்பில் புலித்தோல், கையில் முள் வைத்த இரும்புத் தடி. பிப்ரவரித் தொடக்கத்தில் செட்சுபுன் நாளன்று வறுத்த சோயா மொச்சையை வீசி, ஓனியை வெளியே போகச் சொல்லி, நல்லதை வீட்டுக்குள் அழைப்பார்கள். இதைப் பார்த்துவிட்டு ஜப்பானியர் அரக்கரை விரட்டுகிறவர்கள் என்று முடிவுகட்டினால் பாதிக் கதைதான் கிடைக்கும். யோஷினோ மலையிலுள்ள கின்புசென்ஜி கோயிலில் அதே நாளில் ஓனியையும் உள்ளே வரச்சொல்லி அழைக்கிறார்கள். மற்ற இடங்களில் துரத்தப்பட்டவர்கள் அங்கே வந்து திருந்திக்கொள்ளலாம் என்பது நம்பிக்கை. அந்த மலைவழிபாட்டின் ஆதிகுரு என்று போற்றப்படும் எந்நோ கியோஜாவுக்கு ஜென்கி, கோகி என்ற ஓனித் தம்பதி ஏவலர்களாக இருந்தார்கள் என்பது கதை. அந்தத் தம்பதியின் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம் ஒன்று மலையில் யாத்திரிகருக்கு விடுதி நடத்திவருகிறது. அரக்கனுக்கு அரசு வேலை கிடைக்காவிட்டாலும் விடுதி உரிமம் கிடைத்திருக்கிறது!

கூரை முகட்டிலும் ஓனிக்கு வேலை உண்டு. பழைய ஜப்பானிய வீடுகளிலும் கோயில்களிலும் முகட்டின் கோடியில் பல்லைக் காட்டும் ஓனி முகம் பதித்த ஓடு இருக்கும். நம் வீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டிப் பொம்மை செய்யும் அதே வேலைதான்.

தமிழில் இந்த வேலைக்குப் பழைய எடுத்துக்காட்டு புகார் நகரத்துச் சதுக்கப் பூதம். நாற்சந்தியில் நின்று, பொய்த்தவ வேடக்காரரையும் பொய்ச்சாட்சி சொல்பவரையும் புறங்கூறுவோரையும் பாசத்தால் கட்டிப் புடைத்து உண்ணும் என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் எழுதுகிறார். நகரத்துக் காவல்துறை, நீதிமன்றம், தண்டனை மூன்றும் ஒரே வயிற்றுக்குள். அடைக்கலக் காதையில் இந்தப் பூதத்தின் குணம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. பத்தினி ஒருத்தியின் மேல் பொய்க்கரி சொன்னவனைப் பூதம் பிடித்துவிடுகிறது. அவன் தாய் படும் பாட்டைப் பார்த்த கோவலன் அவனுக்குப் பதிலாகத் தன் உயிரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். பூதம் மறுக்கிறது. குற்றவாளிக்காக நல்லவன் உயிரை வாங்குவது முறையில்லை என்பது அதன் வாதம். பொய் சொன்னவனை அங்கேயே தின்கிறது. அவன் குடும்பத்தைக் கோவலன் பல ஆண்டு காப்பாற்றுகிறான். இத்தனை நேர்மையான பூதம் இருந்த நாட்டில்தான், பிறகு மதுரையில் விசாரணையே இல்லாமல் கோவலன் வெட்டுண்டான். இளங்கோ இரண்டையும் அருகருகே வைத்தது தற்செயலாக இருக்க முடியாது.

ஜப்பானிலும் ஓர் அரக்கன் இப்படி நியாயம் பேசுகிறான். ஓயே மலையில் கூட்டத்தோடு வாழ்ந்து, தலைநகரத்துப் பெண்களைக் கடத்திப்போன ஷுட்டென் டோஜியை மினமோட்டோ நோ ரைகோ என்ற வீரன் கொன்ற கதை அங்கே பேர்போனது. யாத்திரைத் துறவிகள்போல வேடமிட்டுப் போய், மயக்க மது கொடுத்து, தூங்கும்போது தலையை வெட்டினார்கள். சாகும் நேரத்தில் அவன் சொல்வது, ஓனிகள் இப்படி வஞ்சகம் செய்யமாட்டோம் என்பது. வாசகனின் அனுதாபம் ஒரு நொடி கட்சி மாறிவிடுகிறது. அந்த வீரனின் கூட்டாளியான வதனபே நோ ட்சுனா ஓர் ஓனியின் கையை வெட்டியவன்; அதனால் வதனபே என்ற குடும்பப் பெயர்க்காரர்கள் மொச்சை வீச வேண்டியதில்லை, ஓனியே அவர்களிடம் வராது என்று இன்றும் பேச்சு உண்டு.

தமிழில் இந்தக் களத்தை ஆள்பவர்கள் பெண்கள். அவர்களில் முதலிடம் பழையனூர் நீலிக்கு. கணவனால் கொலையுண்டு, பேயாகி, மறுபிறவியில் அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன் என்று ஊர்ச்சபையில் வழக்காடுகிறாள். அவனுக்கு ஆபத்து வராது என்று எழுபது வேளாளர் உயிரைப் பிணைவைக்கிறார்கள். இரவில் அவனைக் கொன்றுவிட்டு அவள் போய்விடுகிறாள். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். சைவ மரபு இதை வேளாளரின் வாய்மைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது. சமணர் அதே நீலியைத் தத்துவவாதி ஆக்கினார்கள். நீலகேசி என்ற காப்பியத்தில், தவமிருக்கும் முனிவரை மிரட்ட வந்த பழையனூர் நீலி அவரிடம் தோற்று, சமண அறத்தை ஏற்று, ஊர் ஊராகப் போய்ப் பௌத்தரையும் பிற சமயத்தாரையும் வாதில் வெல்கிறாள். அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த அந்த நூலை வாசிப்பவர், தருக்கம் பேசும் பேயை வேறு எங்காவது பார்த்திருக்கிறோமா என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

பழையனூருக்குப் பக்கத்தில்தான் திருவாலங்காடு. அங்கே இன்னொரு பேய். காரைக்கால் அம்மையார் தம் அழகை உதிர்த்துவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கினார்; தம்மைக் காரைக்காற்பேய் என்றே பாட்டில் அழைத்துக்கொண்டார். சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்று, வற்றிய மார்பும் துருத்திய எலும்பும் கையில் தாளமுமாக, அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்து நெல்சன்–அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீலிக்குப் பேயுரு தண்டனை, அம்மையாருக்கு அது பதவி. இரண்டும் ஒரே வட்டாரத்தில் நிகழ்ந்திருப்பதை ஒரு நாட்டார் வழக்காற்று மாணவர் எடுத்துப் பேசினால் முழு ஆய்வேடு கிடைக்கும்.

பேய்களை வைத்துச் சிரிக்கவும் தமிழுக்குத் தெரியும். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி, முதலாம் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றதைப் பாடுவது. வெற்றியைக் கண்டு மகிழ்பவை காளியின் பட்டினிப் பேய்கள். போர்க்களத்தில் அடுப்பு மூட்டி, இறந்தவர் பல்லை அரிசியாக்கிக் கூழ் காய்ச்சுகின்றன. பந்தியில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், பௌத்தப் பேய், குருட்டுப் பேய் என்று தனித்தனியாக உட்காருகின்றன. ஊரில் இருந்த பிரிவெல்லாம் சுடுகாட்டுக்கும் வந்துவிட்டது. ஜப்பானில் இதற்கு ஒப்பு நூறு பேய்களின் இரவு ஊர்வலம். பழைய குடை, கிழிந்த செருப்பு, அடுக்களைப் பாத்திரம் எல்லாம் கை கால் முளைத்து நடக்கும் ஓவியச் சுருள்கள் அங்கே உண்டு. 1776இல் டோரியாமா செகியென் இந்தப் பிறவிகளை ஒவ்வொன்றாக வரைந்து, பெயர் எழுதிப் புத்தகமாக்கினார். இன்றைய மாங்கா, அனிமே அரக்கர்களுக்கு அவர்தான் பாட்டனார். நம் காட்டேரிக்கும் கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் ஒரு செகியென் வாய்க்கவில்லை. நம்மிடம் பரணி இருந்தது, படம் இல்லை.

கடல் தாண்டினால் நீலி போன்ற பெண்களின் உறவுமுறை இன்னும் விரிகிறது. பிள்ளை தின்னும் யட்சியான ஹாரிதியைப் புத்தர் திருத்திக் குழந்தைகளின் காவலாக்கிய கதை காந்தாரம், சீனம் வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்தது. டோக்கியோவின் ஜோஷிகயா பகுதியில் கிஷிமோஜின் என்ற பெயரில் அவளுக்குக் கோயில், சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் பெரியாச்சி சன்னிதியைப் பார்த்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. காலடியில் அரசன், மடியில் வயிறு கிழிந்த அரசி, வாயில் குடல். அந்த உருவத்தின் முன்தான் பிறந்த குழந்தையை முப்பதாம் நாள் எடுத்துவருகிறார்கள். நாஞ்சில் நாட்டு முப்பந்தல் இசக்கியும் இந்தக் குடும்பம்தான். அவளும் கொலையுண்டவள், பழிவாங்கியவள். பிறகு பிள்ளை வரம் தருபவள். கயானா நாட்டில் தமிழ்க் கூலிகளின் வழிவந்தோர் நடத்தும் காளிபூசையில் காட்டேரிக்கு அம்மா என்ற பட்டமே கிடைத்துவிட்டது.

அரக்கன் அரசியலுக்கு வந்த கதையும் உண்டு. பீச் பழத்திலிருந்து பிறந்த மொமொதாரோ என்ற சிறுவன் நாய், குரங்கு, காட்டுக்கோழி துணையோடு ஓனித் தீவை வெல்வது ஜப்பானியக் குழந்தைகளின் முதல் கதை. 1945இல் ஜப்பானியக் கடற்படைக்காக எடுத்த முழுநீளக் கார்ட்டூன் படத்தில் அந்தத் தீவின் ஓனிகள் ஆங்கிலம் பேசும் வெள்ளைக்காரர்கள். எதிரிக்குக் கொம்பு வைத்துவிட்டால் குண்டு போடுவது எளிது. அடுத்த ஆண்டே, 1946இல், கொங்கு நாட்டில் புலவர் குழந்தை இதற்கு நேர்மாறாக ஒன்று செய்தார்: இராவணன் தலையிலிருந்து கொம்பைக் கழற்றினார். அவருடைய இராவண காவியத்தை 1948இல் அரசு தடைசெய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. அரக்கன் யார் என்பதைக் கதை சொல்பவன் தீர்மானிக்கிறான் என்பதற்கு 1945, 1946 என்ற இரண்டு ஆண்டுகள் போதும்.

கொல்லிமலைக்கு மேற்கே சேலம், நாமக்கல் சமவெளியில் பாதையோரம் பெரிய கண்ணும் மீசையும் அரிவாளுமாக உட்கார்ந்திருப்பவர் முனியப்பன். சுருட்டும் சேவலும் கேட்பவர். இரவில் வெள்ளைக் குதிரையில் ஊரைச் சுற்றுபவர். ரயில்வேத் தொழிலாளரோடு சிங்கப்பூர் போய் 1930களிலேயே அங்கே கோயில் கொண்டார். ஆனால் அவர் வரலாற்றில் வியப்பான அத்தியாயம் சேலத்திலேயே நடந்தது. அந்நகரின் தலைவெட்டி முனியப்பன் கோயில் சிலை பற்றிய வழக்கில், தொல்லியல் துறையின் அறிக்கையை ஏற்ற சென்னை உயர்நீதிமன்றம், அது முனியப்பன் அல்ல, புத்தர் என்று 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஹாரிதியைத் திருத்தியவர் புத்தர் என்று சொல்கிற ஆசியாவில், புத்தரையே காவல் முனியாக வேலைக்கு வைத்திருந்தது ஒரு தமிழ் ஊர். இழிவு என்றும் இதைப் படிக்கலாம், அரவணைப்பு என்றும் படிக்கலாம். வெட்டுண்ட தலை என்ற பெயர் முதல் வாசிப்புக்கே வலுச் சேர்க்கிறது.

இப்படிப்பட்ட கதைகளைத் தொகுப்பதற்கும் ஜப்பானில் முன்மாதிரி உண்டு: 1910இல் யனகிதா குனியோ தோனோ என்ற மலைவட்டாரத்தின் வாய்மொழிக் கதைகளை, ஊர்ப்பெயரும் இடமும் விடாமல் எழுதி வெளியிட்டார். அந்தச் சிறு நூலிலிருந்துதான் அந்நாட்டு நாட்டார் வழக்காற்றியல் கிளைத்தது. தமிழில் நா. வானமாமலையும் அ. கா. பெருமாளும் தென்மாவட்டங்களுக்கு இந்தப் பணியைச் செய்தார்கள்; இசக்கி, சுடலைமாடன் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர்கள் வகையினரின் உழைப்பு. சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கத்துக் கல்லூரித் தமிழ்த்துறைகள் தங்கள் மாவட்டத்து முனி, காட்டேரி, பாவைக் கதைகளை இதேபோல ஊர்வாரியாகத் தொகுக்க வேண்டும். சொல்பவர் எந்த ஊர், எந்த மரத்தடி, என்ன படையல், யாரிடம் கேட்டது என்ற நான்கையும் சேர்த்து எழுதினால்தான் அந்தத் தொகுப்பு பயன்படும்.