மிகப் பெரிய பகா எண்ணும் பூட்டுச் சாவிக் கதையும்

"உலகின் மிகப் பெரிய பகா எண்" கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் செய்திகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் வருது. எத்தனை இலக்கம், அச்சடித்தால் எத்தனை பக்கம், கடைசியில் "இணையப் பாதுகாப்புக்கு உதவும்" என்று ஒரு வரி. 2024 அக்டோபரில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 அறிவிக்கப்பட்டபோதும் அப்படித்தான். அந்தக் கடைசி வரியில்தான் எனக்குப் பிரச்சினை.

ஆர்.எஸ்.ஏ. முறையில் இரண்டு பகா எண்களை ரகசியமாக வைத்துக்கொண்டு, அவற்றின் பெருக்கல் பலனை மட்டும் வெளியே சொல்வோம். 2048 பிட் சாவி என்றால் அந்த எண்கள் ஒவ்வொன்றும் சுமார் 309 இலக்கம். புதிய எண்ணுக்கோ 4,10,24,320 இலக்கம். நீளம் கிடக்கட்டும், ஊருக்கே தெரிந்த எண்ணை எப்படி ரகசியமாக வைக்கிறது? கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதைதான்.

வெளிப்படையான பகா எண்ணைப் பயன்படுத்தும் முறைகளும் உண்டு. 1952-இல் ராஃபேல் ராபின்சன் ஸ்வாக் கணினியில் கண்டுபிடித்த 2⁵²¹ − 1, இன்று பி-521 என்ற நீள்வளைவுக் குறியாக்கத்தில் இருக்கு. வெறும் 157 இலக்கம்தான். அதைத் தேர்ந்தெடுக்க வைத்தது அதன் வடிவம்.

செய்திகள் தவறவிடுவதும் இந்த வடிவத்தைத்தான். பைனரியில் எழுதினால் புதிய எண் முழுக்க 1, 1, 1 என்று 13,62,79,841 ஒன்றுகள். 99-ஆல் வகுத்து மீதி காண ஒரு குறுக்குவழி உண்டு இல்லையா: இரண்டிரண்டு இலக்கமாக வெட்டிக் கூட்டணும். 4567 என்றால் 45 + 67 = 112, மறுபடியும் 1 + 12 = 13. பைனரியில் மெர்சென் எண்ணுக்கும் இதே வித்தை செல்லும். வகுத்தலே தேவையில்லை, வெட்டு, கூட்டு, அவ்வளவுதான். புரோகிராம் எழுதுறவங்களுக்கு இதுதான் பாயசம்.

லூக்கா-லேமர் சோதனை நிற்பதும் இதன் மேல்தான். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, மீதி எடுக்கணும். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்து முடித்ததும் பூஜ்யம் வந்தால் பகா எண். 2⁵ − 1, அதாவது 31-க்கு மூன்று தடவை: 14, பிறகு 194, மீதி 8, பிறகு 62, மீதி 0. முடிஞ்சுது! ஒரு காரணியைக்கூடத் தேடவில்லை.

இதில்தான் விசித்திரம். 617 இலக்க ஆர்.எஸ்.ஏ. எண்ணின் காரணிகளைக் காண யாருக்கும் வழி தெரியாது. நாலு கோடி இலக்க எண்ணைப் பகா எண் என்று சந்தேகமில்லாமல் நிரூபிக்க முடியுது. இந்தச் சாதனையை "சோதிக்க வசதியான வடிவத்தில் நமக்குத் தெரிந்த மிகப் பெரியது" என்று படிக்கணும். பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்ளிட் எப்பவோ நிரூபிச்சாச்சு.

"52-ஆவது மெர்சென் பகா எண்" என்பதையும் கொஞ்சம் நிதானமாகப் படிங்க. தெரிந்தவற்றில் 52-ஆவது. அளவு வரிசையிலும் அதே இடமா என்பதை, அதற்குக் கீழே உள்ள அடுக்குகளை எல்லாம் சரிபார்த்து முடித்த பிறகுதான் சொல்ல முடியும்.