டி சிப்பாய் ஏன் காத்திருந்தது?

சதுரங்க கிளப்புகளில் ரேட்டி தொடக்கத்துக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: படிக்கச் சோம்பல்படுகிறவனின் தொடக்கம். குதிரை எஃப்3, சிப்பாய் ஜி3, மந்திரி ஜி2, கோட்டை கட்டு, டி3. எதிரி என்ன ஆடினாலும் இந்த ஐந்து நகர்வுதான், தியரி எதுவும் வேணாம். நான் பல்கலைக்கழகத்தில் ஆடிய காலத்தில் பல பேர் இதைத்தான் 'நெகிழ்வான தொடக்கம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எதிரி எது செய்தாலும் அதே ஐந்து நகர்வு என்றால் நெகிழ்வு எங்கே இருக்கு? அது வெறும் மனப்பாடம். ரிச்சர்ட் ரேட்டி யோசித்தது இதற்கு நேர் எதிர்.

1921-இல் அவர் அமைத்த ஒரு புதிரைப் பாருங்கள். வெள்ளை ராஜா எச்8 மூலையில் நிற்கிறது. எச்5-இல் இருக்கும் கறுப்புச் சிப்பாய் ராணியாக ஓடப்போகிறது. நேராகத் துரத்தினால் பிடிக்க முடியாது. சி6-இல் நிற்கும் தன் சிப்பாய்க்கு உதவலாம் என்றால் அதுவும் தூரம். ராஜா குறுக்காக ஜி7, எஃப்6, ஈ5 என்று இறங்குகிறது. ஒவ்வொரு அடியும் இரண்டு சிப்பாயையும் நெருங்குகிறது. கறுப்பு ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று நடந்துவிடும். தோற்றுப்போன ஆட்டம் டிரா ஆகிறது.

ஒரே நகர்வு இரண்டு திட்டத்துக்கு வேலை செய்யணும். அவருடைய தொடக்கத்திலும் இதுதான் விஷயம்.

1924, நியூயார்க். எதிரே உலகச் சாம்பியன் கபாபிளாங்கா, எட்டு வருஷமாகத் தோற்காதவர். ரேட்டி இரண்டு மந்திரிகளையும் பி2, ஜி2 என்று தள்ளி நிறுத்திவிட்டு, 8ஆவது நகர்வில் டி சிப்பாயை டி3 வரை மட்டும் நகர்த்தினார். பார்த்தால் நடுப்பலகையை விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும். கபாபிளாங்கா 9ஆவதில் ஈ5, 13ஆவதில் சி5 ஆடி இடம் பிடித்தார். ஆனால் அந்த இரண்டு சிப்பாயும் முன்னே போனதில், டி6 சிப்பாயைக் காக்க வேறு சிப்பாய் இல்லாமல் போனது. 16ஆவது நகர்வில்தான் ரேட்டி டி4 தள்ளினார். கோடு திறந்தது. 23ஆவதில் யானை டி6-ஐ வெட்டியது. 31ஆவதில் ஆட்டம் முடிந்தது.

முன்பே டி4 தள்ளியிருந்தால், அதைப் பார்த்து கபாபிளாங்கா தன் சிப்பாய்களை வேறு மாதிரி வைத்திருப்பார். அந்த எட்டு நகர்வுக் காத்திருப்புக்கு அர்த்தம் அதுதான்.

இதற்கு விலையும் உண்டு. எதிரி இடத்தை எடுத்துக்கொள்வான், நாம் நெருக்கடியில் உட்காரணும், நேரம் தவறினால் மூச்சு முட்டும். அதே தொடரில் ரேட்டி ஐந்தாவதாகத்தான் வந்தார், கபாபிளாங்கா இரண்டாவது. எந்தத் தொடக்கமும் நமக்காக யோசிக்காது.

அடுத்த தடவை ஜி3 ஆடும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எந்த இரண்டு திட்டத்துக்கு? எதிரி எதைச் செய்தால் எதைத் தேர்ந்தெடுப்பேன்? பதில் இல்லையென்றால், தியரி படிப்பதே மேல்.