‘லாஜிக் பார்க்காமல் சிரிக்கலாம்’: நகைச்சுவைப் படங்கள் குறித்த பார்வையாளர் கருத்துகளும் மெய்ப்பாட்டியல் நோக்கும்

முன்னுரை

நகைச்சுவைத் திரைப்படம் ஒன்றைப் பார்த்து முடித்த பொதுப் பார்வையாளர் அதனைப் பற்றிக் கூறுவது பெரும்பாலும் ஓரிரு தொடர்களில் முடிந்துவிடுகிறது. ‘லாஜிக் பார்க்காமல் சிரிக்கலாம்’, ‘நல்ல டைம் பாஸ்’, ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்பன அவற்றுள் மிகுதியாக வழங்குவன. இவற்றைத் திறனாய்வுக் கருத்துகளாக எவரும் கொள்வதில்லை. எனினும், இத்தொடர்களுக்குள் அளவுகோல்கள் பொதிந்துள்ளன என்பதையும், அவ்வளவுகோல்கள் எவ்விடத்தில் போதாமற் போகின்றன என்பதையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நகையின் நிலைக்களன்கள்

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையைத் தொல்காப்பியர் முதலில் வைக்கிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கையும் அது தோன்றும் நிலைக்களன்களாகக் குறிப்பிடுகிறார். எள்ளல் என்பது பிறரை எள்ளி நகுதலும் பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலும் என இருவகைப்படும் என்பது உரைமரபு தரும் விளக்கம். மடன் என்பதற்கு, கொண்டதை விடாமை என்னும் பொருளும் உண்டு. இவ்விரு விளக்கங்களும் இன்றைய நகைச்சுவைக் காட்சிகளை அணுகுவதற்குப் பெரிதும் பயன்படுவன.

லாஜிக் என்னும் சலுகை

‘லாஜிக் பார்க்கக் கூடாது’ என்னும் பார்வையாளர் காரண காரியத் தொடர்பை முற்றிலும் கைவிட்டுவிடுவதில்லை. கதையின் தொடக்கத்தில் ஒரு பொய்யை ஏற்றுக்கொள்ள அவர் இசைகிறார். அதன் பின்னர் அப்பொய் தன் விதிகளை மீறாதிருக்க வேண்டும் என எதிர்பார்க்கிறார்.

இந்தியில் வெளிவந்த கோல்மால் (1979) படத்தைத் தழுவி கே. பாலசந்தர் இயக்கிய தில்லு முல்லு (1981) இதற்குத் தக்க சான்று. ரஜினிகாந்த் ஏற்ற நாயகப் பாத்திரம் தனக்கு இரட்டைச் சகோதரன் உண்டெனப் பொய் கூறுகிறது. இருவரையும் பிரித்தறியும் அடையாளம் மீசை மட்டுமே. நடைமுறையில் இது நம்பத்தக்கதன்று. ஆயினும், மீசையே ஆண்மகனின் நல்லியல்புக்குச் சான்று என்னும் முதலாளியின் பிடிவாதம் படத்தில் முன்னரே நிறுவப்பட்டுவிடுகிறது. தேங்காய் சீனிவாசன் ஏற்ற அம்முதலாளி ஏமாறுவது பேதைமை. தாம் கொண்ட கொள்கையை விடாதிருப்பது மடன். பேதைமைக்கு மடன் காரணமாக அமைவதால் பார்வையாளர் அப்பொய்க்கு இடம் கொடுக்கிறார். ஏற்ற விதியைப் படமே பாதியில் மறந்துவிடும்போது, அதே பார்வையாளர் ‘இரண்டாம் பாதி இழுவை’ என்கிறார். ஆகவே, லாஜிக் குறித்த சலுகை நிபந்தனையோடு கூடியது எனலாம்.

தனித்து நிற்கும் காட்சிகள்

முழுப்படத்தை மறந்தபின்னும் ஒரு காட்சியை மட்டும் நினைவில் வைத்திருப்பது பொதுப் பார்வையாளரின் இயல்பு. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற நகைச்சுவைத் தொலைக்காட்சிகள் இவ்வியல்பைச் சார்ந்தே இயங்குகின்றன. கங்கை அமரன் இயக்கிய கரகாட்டக்காரன் (1989) படத்தின் வாழைப்பழக் காட்சி இவ்வாறு தனித்து வாழ்வது. இரண்டு பழங்களில் ஒன்றைத் தின்றுவிட்டு வரும் செந்தில், மற்றொன்று எங்கே என்னும் வினாவுக்குக் கையிலிருப்பதையே விடையாகக் காட்டுகிறார். எத்தனை முறை கேட்டாலும் அவ்விடை மாறுவதில்லை. கவுண்டமணியின் அடியும் வசையும் எள்ளல். செந்திலின் மாறாத விடை மடன். வெற்றி பின்னதற்கே உரியது. அடிப்பவர் தோற்பதும் அடிபடுபவர் அசையாதிருப்பதும் காட்சியைச் சமன்செய்கின்றன. எள்ளல் இருவழிப்பட்டதாக அமைந்தமையே இக்காட்சியின் நீடிப்புக்குக் காரணம் எனக் கருதலாம்.

விஜய் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான லொள்ளு சபா பிறிதொரு வகையைச் சேர்ந்தது. புகழ்பெற்ற திரைப்படங்களைப் பகடி செய்த அந்நிகழ்ச்சியில் எள்ளல் பெரும் நாயகர்களை நோக்கியது. மூலப்படத்தை அறிந்தவருக்கே முழுச்சிரிப்பும் கிட்டும் என்பதால், அதனைப் பற்றிய பார்வையாளர் கருத்து ஒப்பீட்டுத் தன்மை பெற்றுவிடுகிறது.

‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்னும் சான்றிதழ்

மேற்கண்ட இடங்களில் பொதுப் பார்வையாளரின் மதிப்பீடு நுட்பமானதாகவே அமைகிறது. அது தடுமாறும் இடம் ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்னும் தொடர். இத்தொடர் இரட்டைப் பொருள் வசனமும் ஆபாசமும் இல்லை என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. பருத்த உடல், கருத்த நிறம், திக்குவாய், முதுமை, திருநர் அடையாளம் ஆகியவற்றைக் கேலிப்பொருளாக்கும் காட்சிகள் இச்சான்றிதழை எளிதில் பெற்றுவிடுகின்றன. எள்ளப்படுபவரும் அதே குடும்பத்தில் ஒருவராக அமர்ந்திருக்கக்கூடும் என்னும் எண்ணம் இதில் இடம்பெறுவதில்லை.

மூப்பையும் பிணியையும் தொல்காப்பியர் நகையின் நிலைக்களன்களாகக் கூறவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. வருத்தம், மென்மை ஆகியவற்றோடு அவற்றை இளிவரலுக்கு உரியனவாக வகுத்துள்ளார். உடற்குறையைக் கண்டு நகைக்கச் செய்யும் காட்சி, இளிவரலின் களத்தை எள்ளலின் களமாக மாற்றிவிடுகிறது. இங்கு எள்ளல் ஒருவழிப்பட்டது. வாழைப்பழக் காட்சியின் செந்திலுக்கு ஒரு விடை இருந்தது; உடலுக்காக எள்ளப்படும் பாத்திரத்திற்குப் பெரும்பாலும் திருப்பிச் சொல்ல ஒரு வசனமும் எழுதப்படுவதில்லை. ‘சும்மா சிரிக்கத்தானே’ என்னும் பார்வையாளர் கூற்று இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

முடிவுரை

பொதுப் பார்வையாளரின் சுருக்கமான கருத்துகள் கதையமைப்பின் ஒழுங்கையும் காட்சியின் ஆற்றலையும் சரியாக இனங்காண்கின்றன. அவற்றைப் புறக்கணிக்கும் திறனாய்வு, நகைச்சுவை இயங்கும் முறையை அறிவதற்கான எளிய சான்றுகளை இழக்கிறது. அதே வேளையில், சிரிப்பின் அளவை மட்டும் கொண்டு மதிப்பிடும்போது எள்ளப்படுபவர் பார்வையிலிருந்து விலகிவிடுகிறார். எள்ளப்பட்டவருக்கும் நகைக்க இடமிருந்ததா என்னும் வினாவை உரைமரபின் இருவகை எள்ளல் முன்வைக்கிறது. இலகுவானவை எனக் கருதப்படும் நகைச்சுவைப் படைப்புகள் குறித்த மதிப்பீடுகளில் இவ்வினாவும் இடம்பெற வேண்டும்.