இடிபாடும் குடிசையும்

1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அதன் பிறகு இந்த ஊரைப் பற்றி எழுத வருகிறவர்களுக்குக் கூரையற்ற மாதா கோவிலும் இடிந்த ரயில் நிலையமும் போதுமாக இருக்கின்றன. காலம், அழிவு, மௌனம் போன்ற பெரிய வார்த்தைகள் அந்தச் சுவர்களில் சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன.

சுவர்களுக்கு அப்பால் ஓலைக் குடிசைகள். கரைவலை இழுக்கிறார்கள்; சங்கு, சிப்பி விற்கிறார்கள்; மணலைத் தோண்டி ஊறும் நல்ல தண்ணீரை மொண்டு குடம் நிரப்புகிறார்கள். ‘பேய் நகரம்’ என்ற படிமத்துக்கு இவர்கள் இடைஞ்சல். ஆகவே படிமத்தில் இவர்கள் இல்லை. அரசு அறிவிப்பும் கவிதையும் இங்கே ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: இருப்பவரை இல்லாதவராக்குகின்றன.

இதற்கு மாற்று பரிதாபம் அல்ல. பரிதாபம் குடிசையையும் இன்னொரு இடிபாடாக்கிவிடும். ‘துன்பக்கேணி’யில் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறாள் என்பதைப் புதுமைப்பித்தன் சொன்னார். அதனால்தான் அவள் வெறும் கண்ணீராக நின்றுவிடவில்லை. இங்கும் வலை யாருடையது, மீனுக்கு விலை வைப்பது யார், முன்பணம் கொடுத்தது யார் என்று எழுத்து கேட்க வேண்டும்.

வீடற்றவன் என்றால் வீடில்லாதவன் மட்டுமல்ல. இருக்கிற வீட்டைப் பிறர் ஒப்புக்கொள்ளாதவனும்தான். இதைத் தாங்கும் உரைநடை நமக்கு வரும்வரை அந்த மாதா கோவில் வெறும் அட்டைப்படம்.