பெயர் சொல்லாத வானொலி

பழைய பாட்டுகளின் இணையவழி மறுமலர்ச்சி பற்றி ஒரு வியாபாரியின் விமரிசனம்

குடுபல்லியில் என் மளிகைக் கடைக்கு ஒரு பெரியவர் வருவார். கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடியபின் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து தங்கிவிட்டார். இளமையில் தங்கவயல் பேண்டு கோஷ்டியில் டிரம் அடித்தவராம். பேரன் கைப்பேசியில் இணைய வானொலியை வைத்துவிட்டுப் போனால் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்பார். ஒருநாள் 'புதிய பறவை' படப் பாட்டு ஒன்று ஓடியது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்: "நயினாரே, இந்த டிரம் அடிக்கிறவர் யாருங்க?"

எனக்குத் தெரியவில்லை. வானொலியும் சொல்லவில்லை. பாட்டு முடிந்தது, நிலையத்தின் பெயர் மெட்டோடு ஒலித்தது, அடுத்த பாட்டு வந்துவிட்டது. அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

பழம்பாட்டுக்கு இணைய வானொலி செய்த உபகாரத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. 1952இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது நமக்குக் கை கொடுத்தது இலங்கை வானொலி. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கிய பிறகும் எங்கள் பக்கத்து வீடுகளில் முள் கொழும்பிலேதான் நிற்கும். இன்று அந்த முள்ளும் இல்லை, இரைச்சலும் இல்லை. டொராண்டோவில் இருப்பவரும் குடுபல்லியில் இருப்பவரும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்கிறோம். நல்லதுதான். ஆனால் அன்று பி.எச். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா போன்றவர்கள் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். கேட்டுக் கேட்டே நமக்குப் பாதி சரித்திரம் மனப்பாடம். இன்றைய நிலையங்கள் பலவற்றில் அறிவிப்பாளரே கிடையாது. இயந்திரம் பாட்டை வரிசையாகத் தள்ளுகிறது.

நியாயமாகப் பேசவேண்டும். வாத்தியம் வாசித்தவர் பெயரை இலங்கை வானொலியும் பெரும்பாலும் சொன்னதில்லை. இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்திலேயே அது இல்லையே, அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

மேல்நாட்டைப் பாருங்கள். 'பிக் பேண்ட்' என்பது டிரம்பெட், டிராம்போன், சாக்சபோன் அணி அணியாக நின்று, பியானோவும் டிரம்மும் தாளம் காக்க வாசிக்கும் பெருங்குழு இசை. 1938 ஜனவரி 16இல் பென்னி குட்மன் தம் குழுவை நியூயார்க் கார்னகி மண்டபத்தில் ஏற்றினார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்த அலை ஓய்ந்தது. பிற்பாடு இணைய வானொலி வந்ததும் அந்த இசைக்கென்றே தனி நிலையங்கள் முளைத்தன. அங்கே ஓர் அறிவிப்பாளர் நினைத்தால், இன்ன தட்டில் இன்னார் டிரம்பெட், இன்னார் டிரம் என்று சொல்லிவிட முடியும். காரணம், பிரையன் ரஸ்ட் என்ற ஆங்கிலேயர். பி.பி.சி. இசைத்தட்டு நூலகத்தில் வேலை பார்த்த அவர், 1897 முதல் 1942 வரை பதிவான ஜாஸ் தட்டுகளுக்கு நாள், இடம், வாசித்தவர் பெயர் எல்லாம் திரட்டிப் பேரேடு போட்டுவிட்டார். சின்னச் சின்ன நிலையங்களுக்கு இடம் கொடுத்த 'லைவ்365' 2016 ஜனவரியில் மூடியபோது (அடுத்த ஆண்டு மீண்டும் திறந்தது) அங்கிருந்த நிலையங்கள் அடங்கிப்போயின. ரஸ்டின் பேரேடு அப்படியே இருந்தது. சரக்கைவிடக் கணக்கு நிலைக்கும் என்பது வியாபாரிக்குத் தெரிந்த சங்கதி.

நம்மிடமும் பெருங்குழு இருந்தது. 1964இல் விசுவநாதன்-ராமமூர்த்தி 'புதிய பறவை'க்கு அமைத்த இசை, வயலின் கூட்டமும் ஊதுகருவிகளும் சேர்ந்து முழங்கியது. மெல்லிசை மன்னர்களிடம் வாசித்தவர்களில் அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி, டிரம்முக்கு நோயல் கிராண்ட், கிட்டாருக்கு பிலிப்ஸ் என்று சில பெயர்கள் காதில் விழுகின்றன. ஆனால் எந்தப் பாட்டில் எவர்? அதற்குப் பட்டியல் எங்கே? படங்களுக்கு ஒரு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் இருந்தார். தனி ஒருவராகச் சேர்த்து வைத்தார். வாத்தியக்காரர்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

பெயர் சொல்லாததால் வரும் கேடு இலங்கைப் பொப் பாட்டில் இன்னும் பளிச்சென்று தெரியும். நித்தி கனகரத்தினம் பேச்சுத்தமிழில் எழுதிப் பாடினார். ஏ.இ. மனோகரன் பைலாத் தாளத்தில் 'சுராங்கனி'யை ஊரெல்லாம் பாடவைத்தார். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் அது வந்தது. இன்று இணையத்தில் 'சுராங்கனி' வந்தால் "எந்தப் படம்?" என்றுதான் இளைஞர் கேட்கிறார்கள். பாட்டு பிழைத்துக்கொண்டது, பாட்டின் ஊர் தொலைந்துபோயிற்று. மனோகரன் 2018இல் காலமானார். இனி அவரிடம் கேட்கவும் முடியாது.

"உரிமைச் சிக்கல் இருக்கிறது, எங்களால் என்ன செய்யமுடியும்?" என்று நிலையம் நடத்துவோர் சொல்லலாம். சிக்கல் உண்மைதான். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை 60 ஆண்டு. 1964இல் வெளியான பதிவுக்கு அது 2024 முடிவோடு தீர்ந்தது. ஆனால் சொல்லுக்கும் மெட்டுக்கும், ஆக்கியோர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு. கண்ணதாசன் வரிகளுக்கு 2041 வரை, 2015இல் மறைந்த விசுவநாதன் மெட்டுகளுக்கு 2075 வரை. இந்தக் கணக்கிலும் வாத்தியக்காரர் வரவில்லை பாருங்கள். வாசிப்போர் உரிமை என்ற ஒன்று நம் சட்டத்தில் நுழைந்ததே 1994 திருத்தத்தில்தான். அதனால்தான் சொல்கிறேன், 1964இல் வாசித்தவருக்கு நாம் கொடுக்கக்கூடியது பெயர் ஒன்றே. பெயர் சொல்ல எந்த உரிமைக்கட்டணமும் இல்லை.

சீவக சிந்தாமணி ஏட்டில் பிழைத்துக் கிடந்தது. ஆனால் அதன் சமயச் செய்திகளைச் சொல்லக் கும்பகோணத்துச் சைனர்கள் இருந்தார்கள், கேட்க உ.வே. சாமிநாதையர் இருந்தார். அதனால் 1887இல் அது நூலாயிற்று. ஏடு மட்டும் போதாது, சொல்பவர் இருக்கும்போதே கேட்பவரும் வேண்டும். பாட்டுக்கும் அதே கதைதான்.

நம் சங்கத்தாருக்கு எளியேனின் விண்ணப்பம் இதுதான். இணைய வானொலி தொடங்கப் பணம் திரட்டுவது பிறகு இருக்கட்டும். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எஞ்சியிருக்கும் வாத்தியக்காரர்களையும், காலமானவர்களின் பிள்ளைகளையும் தேடிப்போய், படம், பாட்டு, கருவி, வாசித்தவர் என்று நான்கு பத்தி கட்டி எழுதுங்கள். அந்த நோட்டு கையில் இருந்தால் எந்த நிலையமும் படித்துச் சொல்லும்.

தங்கவயல் பெரியவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் கடைக்கு வரும்போதெல்லாம் அந்தக் கடன் நினைவுக்கு வருகிறது.