சீட்டுக் குலுக்கலில் கடவுள்

விதியா மதியா, ஆன்மிகமா அறிவியலா: தமிழ்நாட்டுப் பள்ளிப் பட்டிமன்றங்களில் இந்தத் தலைப்புகளுக்கு ஓய்வே கிடையாது. யார் எந்த அணி என்பதைச் சீட்டு முடிவு செய்யும், இல்லாவிட்டால் தமிழாசிரியர் முடிவு செய்வார். பெரியார் பிறந்தநாளை ஒட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறது. மார்கழி பிறந்தால் திருப்பாவை ஒப்புவித்தல், கோடை விடுமுறையில் தேவாலயத்தில் வேதாகமப் பள்ளி. ஆக, கடவுளைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாம் மேடை கொடுக்கவில்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது. அங்கே அவர்கள் சொல்வது யாருடைய கருத்து என்பதுதான் என் கேள்வி.

சீட்டில் விழுந்த பக்கத்துக்காக வாதாடுவதை வெறும் வேஷம் என்று நான் தள்ளமாட்டேன். வீட்டில் தினம் விளக்கேற்றும் பையன் ஒரு வாரமாவது நாத்திகத்தின் பக்கம் உட்கார்ந்து யோசிக்கிறான். அதே கேள்வியைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டால் அதிகப்பிரசங்கி என்று பெயர் கிடைக்கும். மேடையில் கேட்டால் சான்றிதழ் கிடைக்கிறது. செப்டம்பரில் பெரியாரைப் பேசிய பெண்ணே மார்கழியில் ஆண்டாளையும் ஒப்பிப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. பதினைந்து வயது இரண்டையும் சொல்லிப் பார்க்கிற வயது.

கோளாறு நோட்டில் தொடங்குகிறது. ஆசிரியரோ அப்பாவோ எழுதித் தர, பிள்ளை மனப்பாடம் செய்கிறது. எங்கே கை உயர வேண்டும், எந்தச் சொல்லில் குரல் இறங்க வேண்டும் என்பதுவரை ஓரத்தில் பென்சில் குறிப்பு இருக்கும். நடுவர் கையிலிருக்கும் தாளிலும் உச்சரிப்பு, குரல் ஏற்ற இறக்கம், உடல்மொழி, நேரம் என்று கட்டங்கள். கருத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. அது பேசியவருடைய கருத்துதானா என்று கேட்கக் கட்டம் இல்லை. ஆத்திகப் பேச்சு என்றால் உருக வேண்டும், நாத்திகப் பேச்சு என்றால் நக்கலடிக்க வேண்டும். “எனக்கு இன்னும் தெரியவில்லை” என்று சொல்லும் பிள்ளைக்கு எந்த அணியிலும் இடமில்லை.

பகத்சிங் லாகூர் சிறையில் 1930இல், 23 வயதில் எழுதிய ‘நான் ஏன் நாத்திகன்’ கட்டுரையை எடுத்துக்கொள்வோம். சில ஆண்டுகளிலேயே பொதுவுடைமைத் தலைவர் ஜீவா அதைத் தமிழில் கொண்டுவந்தார். அதற்காகக் கைதும் ஆனார். நம் பிள்ளைகளின் உரைகளில் அதிலிருந்து வருவதெல்லாம் கடவுளைக் கூண்டிலேற்றி விசாரிக்கும் பகுதிதான். அந்தக் கட்டுரையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. பள்ளி விடுதியில் மணிக்கணக்காகக் காயத்ரி ஜபித்தது, ஆரிய சமாஜப் பற்றுள்ள தாத்தா, கல்லூரியில் கிளம்பிய சந்தேகங்கள், மதக் கோட்பாடுகளை நம்பாதபோதும் வெட்டாமல் வளர்த்த தலைமுடி என்று தான் வந்த வழி முழுவதையும் அவர் காட்டுகிறார். தூக்குமேடைக்கு முன்னால் நிற்பவனுக்கு நம்பிக்கை ஆறுதலாக இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. போட்டி உரையில் இந்தப் பாதி காணாமல் போகிறது. கிறிஸ்தவ இளைஞர் முகாமில், தாங்கள் நம்பிக்கைக்கு வந்த கதையாகப் பிள்ளைகள் சொல்லும் ‘சாட்சி’யில் இந்த வழி உண்டு, ஆனால் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

ஒருமுறை நடுவராகப் போனபோது, மூடநம்பிக்கையை வெளுத்து வாங்கிய பத்தாம் வகுப்புப் பெண்ணின் மணிக்கட்டில் மந்திரித்த கயிறு இருந்தது. பரிசளிப்பு முடிந்ததும், “இது எதுக்கும்மா?” என்றேன். “ஆயா கட்டிவிட்டது சார். கழட்டினா அது அழும்” என்றாள். ஐந்து நிமிட உரையில் இல்லாத சிந்தனை இந்தப் பதிலில் இருந்தது. தான் நம்பாததை யாருக்காகத் தாங்கிக்கொள்வது என்று அவள் யோசித்திருக்கிறாள். மேடையில் இதைச் சொல்லியிருந்தால் தோற்றிருப்பாள்.

நம்பியதற்காக விலை கொடுத்த பிள்ளைகளும் உண்டு. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த நம்பிக்கை நமக்கு ஏற்புடையதா என்று பார்க்கவில்லை. மனச்சாட்சிப்படி உண்மையாக நம்புகிறார்களா என்று பார்த்து, திரும்பச் சேர்க்கச் சொன்னது. அதுவும் பெற்றோர் ஊட்டிய நம்பிக்கைதானே என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அதற்காகப் பள்ளியை இழந்தது அந்தப் பிள்ளைகள். பேச்சுப் போட்டியில் அப்படி இழக்க எதுவுமில்லை. அதனால்தான் எதையும் துணிந்து பேச முடிகிறது. அதனால்தான் பேசியது மறுநாளே மறந்தும் போகிறது.

இழப்பில்லை என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. கோயிலைக் கேலி செய்யும் இந்துப் பையனைத் துடுக்கானவன் என்று விட்டுவிடுவார்கள். ஹிஜாப் அணிந்த பெண் வாய் திறந்தால், “உங்க மதத்துல ஏன் அப்படி?” என்று முழு மார்க்கத்துக்கும் அவளைப் பதில் சொல்ல வைப்பார்கள். அவன் ‘நான்’ என்று பேசலாம், அவள் ‘நாங்கள்’ என்றே பேசியாக வேண்டும். போதாக்குறைக்கு இப்போது முன்வரிசையில் செல்போன்கள். பதினான்கு வயதில் பேசியது கல்யாணப் பேச்சு வரைக்கும் வாட்ஸ்அப்பில் கூடவே வரும்.

ஐந்து நிமிட உரையை மூன்றாகக் குறைத்து, மீதி இரண்டு நிமிடம் நடுவர் கேள்வி கேட்கலாம் என்று சில தமிழாசிரியர்களிடம் சொல்லிப் பார்த்தேன். பேசியதில் எது உனக்கே ஒட்டவில்லை என்பது போன்ற கேள்வி. அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வசதியான பள்ளிகள் அந்தப் பதிலையும் எழுதிக் கொடுத்துவிடும். கிராமத்துப் பிள்ளைக்கு மனப்பாட உரையாவது கைகொடுத்தது, அதுவும் போய்விடும் என்றார்கள். அந்தப் பயம் நியாயமானது. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த எத்தனையோ பிள்ளைகளை மேடையேற்றியது அந்த மனப்பாடம்தான். ஆகவே பரிசு உரைக்கே இருக்கட்டும், கேள்வி நேரத்துக்கு மதிப்பெண் வேண்டாம், செல்போனும் வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. மதிப்பெண் இல்லையென்றால் அந்தப் பதிலை எழுதிக் கொடுக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.