மீட்சி மோதல்: சூத்திரம் இருக்கு, திசை எங்கே?

தமிழில் இயற்பியல் விளக்கம் தேடினால், சுலபமாகக் கைக்குக் கிடைப்பது தமிழ்நாட்டின் 11ஆம் வகுப்புப் பாடநூல்தான் (2018). அதில் ‘வேலை, ஆற்றல் மற்றும் திறன்’ அலகில் ஒரு பரிமாண மீட்சி மோதல் வருகிறது. உந்தமும் மாறாது, இயக்க ஆற்றலும் மாறாது என்று தொடங்கி, நிதானமாகச் சூத்திரத்தை வருவிக்கிறார்கள். பாராட்டலாம்.

என் குறை வேறு. பாடம் நீளமான இரண்டு சூத்திரங்களில் போய் முடிகிறது. பிறகு சம நிறை, ஓய்வுநிலை எனத் தனித்தனி நேர்வுகள். மாணவர் அதைத்தான் மனப்பாடம் பண்ணுவார். நடுவில் வரும் முத்தான கருத்தை விட்டுவிடுவார்: எவ்வளவு வேகமாக நெருங்கினவோ, அவ்வளவு வேகமாகவே விலகும். இதோடு உந்தச் சமன்பாடு சேர்ந்தால் போதும், வர்க்கமே தேவையில்லை.

போட்டுப் பாருங்கள். 2 கிலோகிராம் பந்து வலப்பக்கம் 4 மீ/வி. 1 கிலோகிராம் பந்து எதிர்த்திசையில் 2 மீ/வி. மோதிய பின் திசைவேகங்கள் முறையே அ, ஆ.

உந்தம்: 2அ + ஆ = 8 − 2 = 6
விலகல்: ஆ − அ = 4 − (−2) = 6

அ = 0, ஆ = 6. பெரிய பந்து நின்றுவிடுகிறது. ஆற்றல் முன்னும் 18 ஜூல், பின்னும் 18 ஜூல்.

இப்போது ‘எதிர்த்திசையில்’ என்ற சொல்லைக் கவனிக்காமல் +2 என்று போடுங்கள். அ = 8/3, ஆ = 14/3 என வரும். ஆற்றலைச் சரிபார்த்தால் அதுவும் 18 ஜூல்தான்! வர்க்கம் கழித்தல் குறியை விழுங்கிவிடும். கணக்கு சரி, விடை தப்பு. எந்தச் சரிபார்ப்பும் காப்பாற்றாது. கேள்வியை ஒழுங்காக வாசித்தால்தான் தப்பிக்கலாம்.

இங்கேதான் தமிழாசிரியருக்கு வேலை. ‘திசைவேகம்’ என்ற சொல்லிலேயே திசை இருக்கிறது. நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மலாய்ச் சொல்லும் அப்படித்தான்: ‘ஹலா’ என்றால் திசை, ‘லாஜு’ என்றால் வேகம், சேர்ந்தால் ‘ஹலாஜு’. நாமோ பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் ‘வேகம்’ என்று சொல்லிவிடுகிறோம். சொல்லில் திசை போனால் கணக்கில் குறி போகும்.

மாணவர்களே, சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் ஓர் அம்புக்குறி போடுங்கள். ஆசிரியர்களே, பாடநூலின் அந்த நடுவரியைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள்.